உறைபெட்டியில் 200 ஐசோலேட்: சிறு நிதிக்கு எதைக் கேட்டு எழுதுவது?

கேள்வி: நான் நுண்ணுயிரியல் துறையில் இருக்கிறேன். நோயாளிகளிடமிருந்து எடுத்த சுமார் 200 கிளெப்சியெல்லா நிமோனியே ஐசோலேட்டுகள் (தனியே பிரித்து வளர்த்த பாக்டீரியா) எங்கள் உறைபெட்டியில் உள்ளன. எல்லாவற்றின் ஜீனோமையும் சீக்வென்சிங் செய்து, அதாவது முழு டி.என்.ஏ. எழுத்து வரிசையையும் படித்து, கணினித் துறை நண்பரோடு சேர்ந்து எந்த ஆன்டிபயாடிக் வேலை செய்யும் என்று கணிக்கும் மெஷின் லேர்னிங் மாடல் உருவாக்க ஆசை. பல்துறை ஆய்வுக்கான ஒரு வருட சிறு நிதிக்கு எப்படி எழுதலாம்?

பதில்: முதலில் அந்த 200 என்ற எண்ணை விடுங்கள். ஒரு வருட நிதியில் 200 ஜீனோம் என்று எழுதினால், பன்னிரண்டாவது மாதம் உங்கள் கையில் ஃபைல்கள் இருக்கும், பதில் இருக்காது. சீக்வென்சிங் இப்போது மலிவாகிவிட்டது. பணமும் நேரமும் போவது அதற்கு முன்னும் பின்னும்தான்: பழைய ஐசோலேட்டை மறுபடி வளர்ப்பது, கலப்பில்லையா என்று பார்ப்பது, டி.என்.ஏ. எடுப்பது, அப்புறம் யாராவது ஒருவர் மாதக்கணக்கில் உட்கார்ந்து பகுப்பாய்வது. இந்தக் கடைசி ஆளுக்குப் பட்ஜெட்டில் சம்பளம் இல்லாத விண்ணப்பத்தை, என்னிடம் மதிப்பீட்டுக்கு வந்தால், அந்த இடத்திலேயே மூடி வைத்துவிடுவேன்.

மாடல் விஷயத்தில் இன்னொரு சிக்கல். ஒரே இடத்தில் சேர்த்த ஐசோலேட்டுகளில் பெரும்பகுதி ஒன்றிரண்டு குளோன்களை, அதாவது ஒரே மூதாதையிலிருந்து பெருகிய கூட்டங்களைச் சேர்ந்ததாக இருக்க வாய்ப்பு அதிகம். அப்போது மாடல், ஆன்டிபயாடிக்குக்கு மசியாத எதிர்ப்புத்திறனைக் கற்காது. இது அந்தக் குளோன், அந்தக் குளோன் என்றால் எதிர்ப்பு உண்டு என்று மனப்பாடம் செய்துகொள்ளும். தரவைக் குருட்டாம்போக்கில் பயிற்சிக்கும் சோதனைக்கும் பிரித்தால் நெருங்கிய உறவுக்கார ஐசோலேட்டுகள் இரண்டு பக்கமும் விழுந்து, துல்லியம் கண்ணைப் பறிக்கிற மாதிரி வரும், வேறொரு இடத்து ஐசோலேட்டைக் கொடுத்ததும் கவிழ்ந்துவிடும். ஒரு வம்சாவளியை முழுதாக ஒதுக்கி வைத்துச் சோதிக்கவேண்டும், அதற்கு 200 போதாது.

சரி, பின் என்னதான் கேட்பது? மரபணு ஒன்று சொல்லி, ஆய்வகத் தட்டில் மருந்தோடு வளர்த்துப் பார்த்தால் வேறொன்று சொல்லும் ஐசோலேட்டுகள் எவை, ஏன் என்று கேளுங்கள். உதாரணமாக, கார்பபெனிமேஸ் (கார்பபெனம் வகை ஆன்டிபயாடிக்கைச் சிதைக்கும் நொதி) மரபணு எதுவுமே இல்லாமல், அந்த வகை மருந்தான மெரோபெனத்துக்கு எதிர்ப்புக் காட்டும் கிளெப்சியெல்லா உண்டு. ஓஎம்பிகே35, ஓஎம்பிகே36 என்ற போரின்கள் (பாக்டீரியாவின் வெளிச்சவ்வில் வாசல் போல இருக்கும் புரதங்கள்) பழுதாகி மருந்து உள்ளே நுழைவது குறைய, கூடவே பென்சிலின், செஃபலோஸ்போரின் மருந்துகளைச் சிதைக்கும் இ.எஸ்.பி.எல். போன்ற நொதியும் இருந்தால் அதுவே போதும். மரபணு இருக்கிறதா இல்லையா என்று மட்டும் தேடினால் இது சிக்காது. இப்படி முரண்படுபவற்றையும், ஒப்பிட முரண்படாத சிலவற்றையும் சேர்த்து 50 ஐசோலேட் எடுத்தால் ஒரு வருடத்துக்கு வேலை தாராளம். முக்கியமாக, இந்தக் கேள்வியை நீங்கள் தனியாகவோ நண்பர் தனியாகவோ தீர்க்க முடியாது. பல்துறை நிதி தருபவர்கள் பார்ப்பது இதைத்தான். நண்பர் வெறும் மென்பொருள் ஓட்டித் தருபவராகத் தெரிந்தால் மதிப்பெண் போய்விடும். அவருடைய துறைக்கும் அதில் ஒரு புதிர் இருக்கவேண்டும்.

செய்முறையில் ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். பழைய ரிப்போர்ட்டில் இருக்கும் எதிர்ப்பு முடிவை அப்படியே நம்பாதீர்கள். உறைபெட்டியிலிருந்து எடுத்து வளர்க்கும்போது பிளாஸ்மிட் (குரோமோசோமுக்கு வெளியே தனியாக இருக்கும் டி.என்.ஏ. வளையம்) தொலைந்துபோவதுண்டு, அதோடு மரபணுவும் போய்விடும், நீங்கள் இல்லாத முரண்பாட்டைத் தேடிக்கொண்டிருப்பீர்கள். எந்தக் காலனியிலிருந்து டி.என்.ஏ. எடுக்கிறீர்களோ அதிலிருந்தே எம்.ஐ.சி.யும் (பாக்டீரியா வளர்ச்சியை நிறுத்தும் மிகக் குறைந்த மருந்து அளவு) பாருங்கள். சோதிக்கும் மருந்துகளில் கொலிஸ்டின் உண்டென்றால் மருந்து வில்லை வைக்கும் டிஸ்க் முறை வேண்டாம், திரவ ஊடகத்தில் மருந்தைப் படிப்படியாக நீர்த்துப் பார்க்கும் பிராத் மைக்ரோடைலூஷன்தான். எம்.ஐ.சி.யை எண்ணாகவே பதிவு செய்யுங்கள்: எதிர்ப்பு உண்டா இல்லையா என்று பிரிக்கும் வரம்புகள் திருத்தப்பட்டுக்கொண்டே இருக்கும், 2019-இல் அந்த வரம்புகளை வகுக்கும் ஐரோப்பியக் குழுவான யூகாஸ்ட், ‘எஸ்’, ‘ஐ’, ‘ஆர்’ வகைகளில் நடுவிலுள்ள ‘ஐ’-யின் பொருளையே மாற்றியது. எண் கையில் இருந்தால் எப்போது வேண்டுமானாலும் மறுபடி வகைப்படுத்தலாம். அதேபோல எதிர்ப்பு மரபணுக்களைத் தேட கார்டு, ரெஸ்ஃபைண்டர் ஆகிய தரவுத்தளங்களில் எதைப் பயன்படுத்தினாலும் பதிப்பு எண்ணைக் குறித்துவையுங்கள்.

டி.என்.ஏ.வைச் சிறு துண்டுகளாகப் படிக்கும் ஷார்ட் ரீட் சீக்வென்சிங் மட்டும் போதுமா என்று அடுத்துக் கேட்பீர்கள். 50-க்கும் அது போதும், ஆனால் பத்துப் பன்னிரண்டுக்கு நீளமான துண்டுகளாகப் படிக்கும் நானோபோர் போன்ற லாங் ரீட் சேர்த்துக் கேளுங்கள். ஐஎஸ்26 போன்ற, இடம்விட்டு இடம் தாவும் டி.என்.ஏ. துண்டு ஒன்றே 820 எழுத்து நீளம், அது ஜீனோமில் பல இடங்களில் திரும்பத் திரும்ப வரும். 150 எழுத்து ரீடை வைத்துக்கொண்டு மரபணு பிளாஸ்மிடில் உட்கார்ந்திருக்கிறதா குரோமோசோமிலா என்று பல சமயம் சொல்லவே முடியாது.

எழுதும்போது முன்னுரையை உலகப் புள்ளிவிவரத்தில் கரைக்காதீர்கள். 2019-இல் 12.7 லட்சம் மரணங்களுக்கு எதிர்ப்புத்திறன் நேரடிக் காரணம் என்ற மதிப்பீடு மதிப்பீட்டாளருக்கு மனப்பாடம், ஒரு வரி போதும். நெறிமுறைக் குழு அனுமதி, ஐசோலேட் கைமாற்ற ஒப்பந்தம் இரண்டையும் இப்போதே தொடங்கிவிடுங்கள், நிதி வந்தபின் தொடங்கினால் வருடத்தில் பாதி அதிலேயே போகும்.

விண்ணப்பத்துக்கு முன் ஒரு வேலை: முரண்பாடு இருக்கும் என்று நீங்கள் சந்தேகிக்கும் பத்தை எடுத்து வளர்த்து, எம்.ஐ.சி. மட்டும் பாருங்கள். எத்தனை வளர்ந்தன, எத்தனையில் பழைய முடிவு மாறியது என்று இரண்டு வரி போடுங்கள். முதற்கட்டத் தரவு என்ற பகுதிக்கு அது போதும்.