திகிலும் மர்மமும் கலந்த கோதிக் கதைகளில் அந்த 'மூட்', அதாவது கதை முழுக்கக் கவிந்திருக்கும் உணர்வு, எப்படி உருவாகிறது என்பதை மாணவர்களுக்கு எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

பி.ஏ. ஆங்கில இலக்கியப் பிள்ளைகளுக்கு இதைப் பல வருடமாக நடத்துகிறேன், வகுப்பில் எது எடுபடுகிறது என்பதை மட்டும் சொல்கிறேன். பாழடைந்த கோட்டை, இடி மின்னல், ஆவி, ரகசிய அறை என்று கைடுகளில் ஒரு பட்டியல் இருக்குமே, தயவுசெய்து அதைக் கொடுத்து ஆரம்பிக்காதீர்கள். மனப்பாடம் பண்ணிப் பரீட்சையில் எழுதிவிட்டுப் போய்விடுவார்கள், கதைப் பக்கமே தலைவைத்துப் படுக்க மாட்டார்கள். அந்தச் சாமான்கள் எல்லாம் இருந்தும் பயம் வராத கதை உண்டு. இந்த வகைக்கே முதல் நாவல் என்று சொல்லப்படும் ஹொரேஸ் வால்போலின் 'தி காசில் ஆஃப் ஒட்ராண்டோ'வில் (1764) கல்யாண நாளன்று ஒரு ராட்சதத் தலைக்கவசம் எங்கிருந்தோ வந்து விழுந்து மாப்பிள்ளையை நசுக்கிவிடுகிறது. இன்றைக்கு அதைப் படித்துக்காட்டினால் வகுப்பே சிரிக்கும்.

மூட் வாக்கியத்தில்தான் பிறக்கிறது, எதை முதலில் சொல்லி எதைக் கடைசி வரை தள்ளிவைக்கிறார்கள் என்பதில். இதைக் காட்ட எட்கர் ஆலன் போவின் 'தி ஃபால் ஆஃப் தி ஹவுஸ் ஆஃப் அஷர்' (1839) கதையின் முதல் வாக்கியம் ஒன்றே போதும். ஏறக்குறைய 60 சொற்கள். இலையுதிர் காலத்தில், மங்கி இருண்டு சத்தமே இல்லாத ஒரு பகல் முழுக்க, மேகங்கள் மேலே வந்து அழுத்துகிற மாதிரித் தாழ்ந்து தொங்க, தன்னந்தனியாகக் குதிரையில் ஒரு வறண்ட நிலத்தைக் கடந்து, பொழுது சாயும்போதுதான் அந்த வீடு கண்ணில் படுகிறது; வீட்டுப் பெயர்தான் வாக்கியத்தின் கடைசிச் சொல். முதலில் நீங்கள் இதை ஆங்கிலத்திலேயே நிதானமாக வாய்விட்டுப் படியுங்கள். 'ட' ஓசை திரும்பத் திரும்ப விழுவதை அவர்கள் காதே பிடித்துவிடும். அப்புறம் போர்டில் 'ஒரு மாலை நான் அஷர் வீட்டுக்குக் குதிரையில் போனேன்' என்று எழுதுங்கள். செய்தி அதேதான். என்ன போச்சு என்று கேளுங்கள்.

அடுத்து ஒவ்வொரு சொல்லாக எடுத்துவிட்டுப் படிக்கச் சொல்லுங்கள். 'சத்தமே இல்லாத' என்பதை எடுக்கும்போது யாராவது ஒருவர் கேட்பார்: குதிரை நாள் முழுக்க நடக்கிறதே, குளம்புச் சத்தம்கூடவா கேட்கவில்லை? அந்தக் கேள்வி வந்துவிட்டால் பாடம் பாதி முடிந்த மாதிரி. வெறும் வானிலை வர்ணனை என்று நினைத்த சொல், கதை சொல்பவனின் மனசுக்குள் ஏதோ சரியில்லை என்று சொல்லிக்கொண்டிருக்கிறது என்பதை அவர்களே கண்டுபிடித்தாகிவிட்டது.

கொஞ்சம் தள்ளி இன்னொரு அருமையான இடம். நாம் வகுப்பில் செய்யச் சொல்வதையே கதைசொல்லியும் செய்து பார்க்கிறான். இவை எல்லாம் சாதாரணப் பொருட்கள்தானே, சுவர், கண் மாதிரி வெறித்துப் பார்க்கும் ஜன்னல், கோரை, பட்டுப்போன மரம், இவற்றைச் சற்று வேறு விதமாக அடுக்கினால் இந்தத் துக்கம் போய்விடாதா என்று யோசித்து, குதிரையை ஏரிக்கரைக்கு ஓட்டிப்போய்த் தண்ணீரில் தலைகீழாகத் தெரியும் அதே வீட்டைப் பார்க்கிறான். முன்னைவிட அதிகமாக உடம்பு நடுங்குகிறது. கோதிக் எழுத்து எப்படி வேலை செய்கிறது என்பதற்கு இதைவிட நல்ல விளக்கத்தை எந்த விமர்சன நூலிலும் நான் பார்த்ததில்லை.

ஆனால் போவோடு நிறுத்தினால், நீளமான இருட்டான வாக்கியம்தான் கோதிக் என்று நினைத்துக்கொள்வார்கள். அதனால் பிராம் ஸ்டோக்கரின் 'டிராகுலா'வில் (1897) ஜோனதன் ஹார்க்கர் எழுதும் நாட்குறிப்பைக் கையில் கொடுங்கள். ரயில் ஒரு மணி நேரம் தாமதம், சாப்பிட்ட மிளகாய்க் கோழி நன்றாக இருந்தது, தனக்கு நிச்சயமான மீனாவுக்காகச் செய்முறை வாங்கிக்கொள்ள வேண்டும் என்று சாவகாசமாக ஆரம்பிக்கிறான். கோட்டையில் டிராகுலா பிரபு மிகுந்த மரியாதையோடு வரவேற்கிறார், பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு வருகிறார். பிறகு ஒரு நாள் ஹார்க்கர் கதவிடுக்கு வழியாகப் பார்த்தால், பிரபுவே சாப்பாட்டு மேசையில் தட்டு எடுத்து வைத்துக்கொண்டிருக்கிறார். வேலைக்காரர்கள் இல்லை. அப்படியென்றால் நள்ளிரவில் ஓநாய்களுக்கு நடுவே வண்டி ஓட்டி ஹார்க்கரைக் கோட்டைக்குக் கூட்டிவந்ததும் இவரேதானா? ரத்தம், பல் எதுவும் இந்த இடத்தில் இல்லை, வீட்டு வேலைதான் நடக்கிறது, ஆனாலும் குலை நடுங்கும். நமக்குப் புரிந்துவிட்டதும் அவனுக்கு இன்னும் முழுசாகப் புரியாததும் சேர்ந்துதான் அதைச் செய்கிறது. இந்தப் பகுதியைப் படிக்கும்போது முதன்முதலில் எங்கே மனசு கலங்கியதோ அங்கே பென்சிலால் ஒரு கோடு போடச் சொல்வேன், பிறகு அதற்கு முந்தைய இரண்டு வரிகளில் ஆசிரியர் என்ன செய்திருக்கிறார் என்று தேடச் சொல்வேன். ஒவ்வொருவர் கோடும் ஒவ்வொரு இடத்தில் இருக்கும், அதை வைத்து நடக்கும் விவாதம்தான் நல்ல வகுப்பு.

நேரம் இருந்தால் போவின் 'தி டெல்-டேல் ஹார்ட்'டையும் (1843) பக்கத்தில் வையுங்கள். அதே ஆசிரியர், ஆனால் வாக்கியங்கள் துண்டு துண்டாக, இடைக்கோடுகளோடு, மூச்சு வாங்குகிற மாதிரி வரும். அஷரில் பாரம், இங்கே படபடப்பு. 'ஃபிராங்கன்ஸ்டைன்' (1818) நாவலில் ஃபிராங்கன்ஸ்டைன் உருவாக்கிய உருவம் உயிர் பெறும் காட்சிக்கு ஒரே கேள்வி: வெளிச்சம் எங்கிருந்து வருகிறது? எரிந்து தீரப்போகும் ஒரு மெழுகுவர்த்தியிலிருந்து. இந்தக் கேள்வியை எந்த கோதிக் காட்சிக்கும் கேட்கலாம்.

கடைசியில் அவர்களையே எழுத வையுங்கள். ஹாஸ்டல் வராந்தா, லேப், எதுவானாலும் சரி, ஆனால் பயம், இருட்டு, பேய், ரத்தம் என்ற நாலு சொற்களுக்கும் தடை. 'அறைக்கு வெளியே எட்டு ஜோடிச் செருப்பு கிடந்தது, உள்ளே நாங்கள் ஏழு பேர்' என்று ஒரு மாணவி எழுதினாள். அந்த ஒரு வரிக்கே முழு மதிப்பெண் போட்டேன்.

ஒரே ஒரு பீரியட்தான் கிடைக்கும் என்றால் மற்றதெல்லாம் விட்டுவிடுங்கள், அஷரின் முதல் பத்தி மட்டும் போதும்.