வாங்கும் முன்: முதல் வெளிநாட்டுப் பயணம், சிங்கப்பூர்

கேள்வி: நானும் கணவரும் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், ஊர் திருச்சி. வெளிநாடு போவது இதுதான் முதல் தடவை. நான்கு இரவு, ஐந்து பகல் என்று சிங்கப்பூருக்கு ஒரு டிராவல்ஸில் பேக்கேஜ் சொல்கிறார்கள். பார்க்கும் இடங்கள் என்று ஒரு பக்கம் நிறைய எழுதியிருக்கிறது. இந்த வாரமே முன்பணம் கட்டினால் தள்ளுபடி உண்டாம். கட்டலாமா? பேக்கேஜ் இல்லாமல் நாங்களே போனால் சமாளிக்க முடியுமா?

பதில்: தள்ளுபடிக்காக அவசரப்படாதீர்கள். முதலில் அந்தப் பட்டியலை எடுத்து, ஒவ்வொரு இடத்துக்கும் எதிரே இரண்டு விஷயங்களை எழுதுங்கள். அந்த இடத்துக்கு நுழைவுக் கட்டணம் உண்டா? உண்டென்றால், நீங்கள் கட்டும் பணத்தில் அந்த டிக்கெட் சேர்த்தியா? எழுதி முடித்தால், பட்டியலில் பாதி யார் வேண்டுமானாலும் காசில்லாமல் பார்க்கக்கூடிய இடங்கள் என்று தெரிந்துவிடும்.

மெர்லயன் சிலை ஆற்றின் முகத்துவாரத்தில் திறந்தவெளியில் நிற்கிறது, கட்டணம் கிடையாது. 2015இல் யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்ற தாவரவியல் பூங்காவுக்கும் கட்டணம் இல்லை. உள்ளே இருக்கும் ஆர்க்கிட் தோட்டத்துக்கு மட்டும் டிக்கெட் வாங்க வேண்டும். லிட்டில் இந்தியா, சைனா டவுன், அரபு தெரு எல்லாம் நடந்து பார்க்க வேண்டிய தெருக்கள். இவற்றைப் பேருந்தில் சுற்றிக் காட்டுவதற்கு ஒருவர் கட்டணம் வாங்குவதில் தவறில்லை. ஆனால் எதற்குக் கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுக்க வேண்டும்.

அதிகம் பேர் ஏமாறுவது 'கார்டன்ஸ் பை த பே' விஷயத்தில்தான். விளம்பரத்தில் அருவியும் பூக்களுமாக ஒரு கண்ணாடிக் கூடத்தின் படம் இருக்கும். அந்தக் கூடங்களுக்கு (ஃப்ளவர் டோம், கிளவுட் ஃபாரஸ்ட்) கட்டணம் உண்டு. வெளித்தோட்டமும், சூப்பர்ட்ரீ என்னும் அந்த ராட்சத மரங்கள் நிற்கும் பகுதியும் இலவசம். பேக்கேஜில் வெறுமனே 'கார்டன்ஸ் பை த பே' என்று மட்டும் இருந்தால், இலவசப் பகுதியைக் காட்டிவிட்டுப் பேருந்தில் ஏறச் சொன்னாலும் உங்களால் எதுவும் கேட்க முடியாது. 'இரண்டு கண்ணாடிக் கூடங்களுக்கும் நுழைவு டிக்கெட்டுடன்' என்று எழுத்தில் வாங்குங்கள். ஹோட்டல் விஷயமும் அப்படியே. 'இந்த ஹோட்டல் அல்லது அதற்கு இணையானது' என்பதை ஏற்காதீர்கள். ஹோட்டலின் பெயரும், பக்கத்து ரயில் நிலையத்தின் பெயரும் கேளுங்கள். விசா மறுக்கப்பட்டால் எவ்வளவு பணம் திரும்ப வரும் என்பதும் எழுத்தில் இருக்கட்டும். விசாவுக்கான அரசுக் கட்டணம் 30 சிங்கப்பூர் டாலர், அது திரும்ப வராது. அதற்கு மேல் கேட்பது முகவரின் சேவைக் கட்டணம். அதைத் தனியாகக் காட்டச் சொல்லுங்கள்.

பேக்கேஜ் வாங்கும்போது டி.சி.எஸ். (விற்பவர் உங்களிடம் முன்கூட்டியே வசூலித்து அரசுக்குக் கட்டும் வருமான வரி) என்று ஒரு தொகை பிடிப்பார்கள். வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்யும்போது அதைக் கழித்துக்கொள்ளலாம் அல்லது திரும்பப் பெறலாம். பான் எண்ணைச் சரியாகக் கொடுத்து ரசீதைப் பத்திரமாக வையுங்கள்.

சரி, நீங்களே போனால் முடியுமா? சிங்கப்பூரைப் பொறுத்தவரை தாராளமாக முடியும் என்பேன். திருச்சியிலிருந்தே நேரடி விமானம் இருக்கிறது. அங்கே தமிழ் நான்கு ஆட்சிமொழிகளில் ஒன்று. லிட்டில் இந்தியாவில் உள்ள தேக்கா பக்கம் அறை எடுத்தால் இட்லிக்கும் வழி கேட்பதற்கும் கவலையே இல்லை. உங்கள் வயதில் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். அந்த ஊர் பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருக்கிறது, வருடம் முழுக்கப் புழுக்கம். குழுப் பயணத்தில் மெர்லயன் முன்னால் உச்சி வெயிலில் இறக்கிவிட்டுக் கொஞ்ச நேரத்தில் ஏறச் சொல்வார்கள். நீங்களாகப் போனால் காலையில் தாவரவியல் பூங்கா, மதியம் அறையில் ஓய்வு, மாலையில் கடல் பக்கம் என்று உங்கள் உடம்புக்குத் தக்கபடி வைத்துக்கொள்ளலாம்.

எனக்குப் பிடித்த மாலைத் திட்டம் ஒன்று உண்டு, அதற்குக் காசே வேண்டாம். இருட்டும் முன் மரினா பாரேஜ் என்னும் கடல் தடுப்பணையின் புல் கூரைக்குப் போங்கள். ஒரு பக்கம் கடலும் கப்பல்களும், மறுபக்கம் நகரம். பட்டம் விடும் குடும்பங்களோடு கொஞ்சம் உட்கார்ந்துவிட்டு, 7.45 மணிக்கு சூப்பர்ட்ரீயில் நடக்கும் ஒளி, இசை நிகழ்ச்சிக்கு வந்துவிடலாம். அது முடிந்ததும் மரினா பே சாண்ட்ஸ் ஹோட்டல் வழியாக நடந்து மறுபக்க நீர்க்கரைக்கு வந்தால், 9 மணிக்கு நீரூற்றுக் காட்சி. கிளம்பும் வாரம் நேரங்களை ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள், பராமரிப்புக்காகச் சில நாள் நிறுத்துவார்கள். உயரத்திலிருந்து நகரைப் பார்க்க ஆசையென்றால் 165 மீட்டர் உயர ஃப்ளையர் ராட்டினம், சாண்ட்ஸ் கட்டடத்தின் மேல்மாடி, இந்த இரண்டில் ஒன்று போதும். இரண்டிலிருந்தும் தெரிவது அதே விரிகுடாதான்.

தீம் பார்க் போக எண்ணம் இருந்தால் மட்டும் அதற்கான டிக்கெட்டை முன்கூட்டியே வாங்குங்கள். செந்தோசா தீவுக்குள் நடைபாதை வழியாக இலவசமாகவே போகலாம், உள்ளே ஓடும் பேருந்துகளுக்கும் கட்டணம் இல்லை. கடற்கரையில் உட்கார்ந்துவிட்டு வருவதற்கு ஒரு பைசா வேண்டாம்.

கேள்வி: அங்கே ரயில், பஸ்ஸுக்கு தனி கார்டு வாங்க வேண்டுமா? நம் வங்கி கார்டு வேலை செய்யுமா?

பதில்: உங்கள் கார்டு விசா அல்லது மாஸ்டர்கார்டு வகையாகவும், தட்டிப் பணம் செலுத்தும் வசதியோடும் இருந்தால் எம்.ஆர்.டி. ரயிலிலும் பேருந்திலும் அதையே தட்டலாம். ஏறும்போதும் இறங்கும்போதும் தட்ட வேண்டும். ஆளுக்கு ஒரு கார்டு வேண்டும், ஒன்றையே இருவர் தட்ட முடியாது. வெளிநாட்டு வங்கி கார்டு என்றால், பயன்படுத்தும் ஒவ்வொரு நாளுக்கும் 60 சென்ட் கூடுதலாகப் பிடிப்பார்கள். அதோடு நம் வங்கியின் அந்நியச் செலாவணிக் கட்டணமும் சேரும். நாலைந்து நாள் நன்றாகச் சுற்றுபவர்கள் அங்கேயே பயண அட்டை வாங்கிவிடுவது நல்லது. நகருக்குள் ஒரு பயணத்துக்குச் சாதாரணமாக ஒன்றரை, இரண்டு டாலர்தான் ஆகும்.

கிளம்பும் முன் வங்கிச் செயலியில் வெளிநாட்டுப் பயன்பாட்டைத் திறந்துவிடுங்கள். ரிசர்வ் வங்கியின் 2020 உத்தரவுக்குப் பிறகு புதிய கார்டுகளில் அது மூடித்தான் வரும். அப்புறம், கடையில் 'ரூபாயில் கட்டுகிறீர்களா, டாலரிலா' என்று இயந்திரம் கேட்டால் டாலரையே தேர்ந்தெடுங்கள். ரூபாயைத் தொட்டால் அவர்கள் வைக்கும் மாற்று விகிதத்துக்கு நீங்கள் ஒப்புக்கொண்டதாகிவிடும், அது பெரும்பாலும் நமக்கு நஷ்டம்.

கேள்வி: ஹோட்டல் பில்லில் மெனுவில் இருந்ததைவிட அதிகம் போட்டார்கள். ஏமாற்றா? வாங்கிய பொருளுக்கு வரி திரும்பக் கிடைக்கும் என்கிறார்களே?

பதில்: ஏமாற்று இல்லை. மெனுவில் விலைக்குப் பக்கத்தில் '++' இருந்தால் 10 சதவீத சேவைக் கட்டணமும், அதன் மேல் 9 சதவீத ஜி.எஸ்.டி.யும் சேரும். 20 டாலர் சாப்பாடு கிட்டத்தட்ட 24 டாலர் ஆகும். உணவங்காடி நிலையங்களில் (பல சிறு கடைகள் சேர்ந்த பொது உணவுக் கூடங்கள்) இந்தச் சேவைக் கட்டணம் இல்லை, போட்ட விலைதான். சாப்பிட்ட தட்டை நீங்களே எடுத்துப்போய் வைக்க வேண்டும், அது அங்கே சட்டம்.

வரி திரும்பக் கிடைப்பது பொருளுக்கு மட்டும். சாப்பாட்டுக்கும் அறை வாடகைக்கும் கிடையாது. திட்டத்தில் சேர்ந்த கடையில் குறைந்தது 100 டாலருக்கு வாங்கியிருக்க வேண்டும். ஒரே கடையில் ஒரே நாளில் வாங்கிய மூன்று ரசீதுகள் வரை சேர்த்துக் காட்டலாம். வாங்கும்போதே பாஸ்போர்ட்டைக் காட்டுங்கள். சாங்கி விமான நிலையத்தில் பெட்டியை ஒப்படைக்கும் முன் சுயசேவை இயந்திரத்தில் பதிவு செய்ய வேண்டும், பொருளை எடுத்துக் காட்டச் சொல்லலாம். கையாளும் கட்டணம் போகத்தான் மீதி வரும்.

கேள்வி: சிங்கப்பூருக்குள் நுழையும் முன் நிரப்ப வேண்டிய வருகை அட்டைக்கு ஓர் இணையதளத்தில் பணம் கட்டிவிட்டேன். பேக்கேஜில் சொன்னவற்றில் இரண்டு இடங்களைக் காட்டவில்லை. இனி என்ன செய்யலாம்?

பதில்: வருகை அட்டை முற்றிலும் இலவசம். சிங்கப்பூர் குடிநுழைவு ஆணையத்தின் தளத்தில், போய்ச் சேரும் நாளோடு சேர்த்து மூன்று நாளுக்குள் நிரப்பினால் போதும். அதே தோற்றத்தில் பணம் வாங்கும் தனியார் தளங்கள் இருக்கின்றன. உங்கள் பாஸ்போர்ட் விவரமும் கார்டு எண்ணும் அவர்களிடம் போயிருக்கிறது. உடனே வங்கியில் சொல்லி அந்தக் கார்டை மாற்றுங்கள்.

காட்டாத இடங்களுக்கு, பேக்கேஜ் தாளையும் பணம் கட்டிய ரசீதையும் இணைத்து நிறுவனத்துக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள், பதிலுக்கு 15 நாள் கெடு கொடுங்கள். அடுத்து தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 சட்டப்படி நீங்கள் வசிக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம், நிறுவனம் எந்த ஊரில் இருந்தாலும் சரி. இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும்.