விலை குறைந்ததும் கூடுதலாக வாங்குவது எதனால்? இரண்டாகப் பிரிக்கும் வழி

பொருளியல் படிக்கும் வாசகர் ஒருவர் கேட்கிறார்: "விலை குறைந்தால் நுகர்வோர் அதிகம் வாங்குகிறார். நடப்பது ஒரே செயல். அதில் பதிலீட்டு விளைவு இவ்வளவு, வருமான விளைவு இவ்வளவு என்று எப்படிப் பிரிப்பது? கணக்கை எங்கே தொடங்குவது?"

விலை மாறுவதற்கு முன் அவர் வாங்கிய அளவில் தொடங்குங்கள். பலர் நேரே புதிய விலைக்குப் போய்விடுவதால்தான் குழம்புகிறார்கள். விலை குறையும்போது இரண்டு மாற்றங்கள் சேர்ந்தே வருகின்றன. மற்றப் பண்டங்களோடு ஒப்பிட்டால் இந்தப் பண்டம் மலிவாகிறது. கையிலுள்ள பணத்தின் வாங்கும் சக்தியும் கூடுகிறது. மலிவானதால் வரும் மாற்றம் பதிலீட்டு விளைவு; வாங்கும் சக்தி கூடியதால் வரும் மாற்றம் வருமான விளைவு. கூடிய வாங்கும் சக்தியைக் கற்பனையில் எடுத்துவிட்டால், மலிவானதன் விளைவு மட்டும் தனியே நிற்கும்.

ஒருவருடைய வருமானம் 1200. எந்த விலையிலும் அதில் பாதியை ஒரு பண்டத்துக்குச் செலவிடுகிறார். விலை 10 என்றால் 60 அலகு வாங்குவார். விலை 5 ஆனால் 120 அலகு. கூடியது 60. பழைய 60 அலகையே புதிய விலையில் வாங்கினால் 300 மிச்சமாகும். அந்த 300ஐ எடுத்துவிடுங்கள். மீதி 900, அதில் பாதி 450, அதற்கு 90 அலகு கிடைக்கும். 60லிருந்து 90 வரை உயர்ந்தது பதிலீட்டு விளைவு. 300ஐத் திருப்பிக் கொடுத்ததும் 90 என்பது 120 ஆகிறதே, அது வருமான விளைவு.

இது 1915இல் பொருளியலாளர் ஸ்லட்ஸ்கி காட்டிய வழி. இதில் நுட்பமான ஓர் இடம் உண்டு. 900 இருந்தாலே பழைய தொகுப்பை, அதாவது இந்தப் பண்டத்தில் 60 அலகையும் முன்பு வாங்கிய மற்றப் பண்டங்களையும், அப்படியே வாங்கலாம். ஆனாலும் அவர் வேறொன்றைத் தேர்கிறார். அப்படியென்றால் முன்பைவிடச் சற்று மேலான நிலையில்தான் இருக்கிறார். பொருளியலாளர் ஹிக்ஸின் முறை அந்த மிச்ச நன்மையையும் கழித்து, அவரைப் பழைய சமநோக்கு வளைகோட்டிலேயே (ஒரே அளவு மனநிறைவு தரும் தொகுப்புகளை இணைக்கும் கோட்டிலேயே) நிறுத்துகிறது. நம் கணக்கில் அதற்கு வருமானம் சுமார் 849 போதும்; வாங்குவது ஏறக்குறைய 85 அலகு. பதிலீட்டு விளைவு 25 ஆகக் குறைந்து, வருமான விளைவு 35 ஆகிறது. தேர்வு வினாவில் தேவைச் சார்பு (விலைக்கும் வருமானத்துக்கும் ஏற்ப வாங்கும் அளவைச் சொல்லும் சூத்திரம்) மட்டும் இருந்தால் ஸ்லட்ஸ்கி முறையில் செய்யுங்கள். "அதே மனநிறைவு" என்று கேட்டுப் பயன்பாட்டுச் சார்பையும் (மனநிறைவை அளக்கும் சூத்திரத்தையும்) கொடுத்திருந்தால் ஹிக்ஸ் முறை. விலை மாற்றம் சிறிதாக இருந்தால் இரண்டு விடைகளும் நெருங்கிவிடும்.

விலை ஏறினால் பணத்தைக் கழிப்பதற்குப் பதில் கூட்டுங்கள், மற்றவை அப்படியே.

திசையில்தான் அதிகம் தவறுகிறார்கள். பதிலீட்டு விளைவு ஒருபோதும் விலை செல்லும் பக்கம் செல்லாது. வருமான விளைவு பண்டத்தைப் பொறுத்தது. வருமானம் கூடினால் அதிகம் வாங்கும் இயல்புப் பண்டத்தில் அது பதிலீட்டு விளைவுக்குத் துணை நிற்கும். வருமானம் கூடினால் குறைவாக வாங்கும் தாழ்தரப் பண்டத்தில் எதிராக இழுக்கும். அந்த எதிர் இழுப்பு பதிலீட்டு விளைவை மிஞ்சினால் மட்டுமே அது கிஃபன் பண்டம், அதாவது விலை குறைந்தால் குறைவாகவும் ஏறினால் அதிகமாகவும் வாங்கப்படும் பண்டம். அதற்கு அந்தப் பண்டம் செலவில் பெரும்பங்கைப் பிடித்திருக்க வேண்டும், நல்ல மாற்றுப் பண்டமும் இருக்கக் கூடாது. இவை ஒன்றுசேர்வது மிக அரிது. எனவே "தாழ்தரப் பண்டம்" என்று வினாவில் கண்டதுமே கிஃபன் என்று எழுதிவிடாதீர்கள். இரு விளைவுகளின் அளவையும் ஒப்பிட்ட பிறகே முடிவெடுங்கள்.