சர்க்கரை சேர்க்காமல் பழ மிட்டாய் செய்யலாமா?

கேள்வி: அக்கா, என் மகனுக்கு ஏழு வயது, இரண்டாம் வகுப்பு படிக்கிறான். பழம் என்றாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். ஆனால் பள்ளிக்கூட வாசல் கடையில் கலர் கலராகத் தொங்கும் ஜெல்லியும் பாக்கெட் மாம்பழ மிட்டாயும் தினமும் வேண்டும் அவனுக்கு. கூட்டிவரப் போகும் அவன் அப்பாவும் வாங்கிக் கொடுத்துவிடுகிறார். வீட்டிலேயே செய்துவிடலாம் என்று ஒரு வீடியோவைப் பார்த்து, ஒரு கிலோ மாம்பழ விழுதுக்கு 600 கிராம் சர்க்கரை போட்டுக் கிளறிக் காயவைத்தேன். நன்றாகத்தான் வந்தது, அவனும் ஆசையாகத் தின்றான். ஆனால் அவ்வளவு சர்க்கரை கொட்டியது மனதை உறுத்துகிறது. சர்க்கரைக்குப் பதில் தேன் ஊற்று, பாப்பாவுக்கும் கொடுக்கலாம் என்கிறார்கள் என் அத்தை. பாப்பாவுக்குப் பத்து மாதம். என்ன செய்யட்டும்? ஜெல்லியும் வீட்டில் செய்ய வருமா?
– வாசகி, கோபிசெட்டிபாளையம்

பதில்: அன்புத் தங்கைக்கு, முதலில் பாப்பா விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன், மற்றதை அப்புறம் பேசலாம். ஒரு வயது முடியும்வரை பாப்பாவுக்குத் தேன் கூடாது. ஒரு சொட்டு கூடாது, நாக்கில் தடவவும் கூடாது. தேனில் குளோஸ்டிரிடியம் பாட்டுலினம் என்ற கிருமியின் வித்துகள் இருக்க வாய்ப்பு உண்டு. பெரியவர்கள் வயிற்றில் அவை ஒன்றும் செய்யாமல் வெளியே போய்விடும், கைக்குழந்தையின் குடலிலோ முளைத்து நஞ்சை உண்டாக்கும். மலச்சிக்கலில் ஆரம்பித்து, பால் குடிக்கத் தெம்பில்லாமல் போய், கழுத்து துவண்டு, மூச்சுவிட முடியாத நிலைவரை கொண்டுபோகக்கூடிய நோய் அது. காய்ச்சித்தானே ஊற்றுகிறோம் என்று சமாதானமும் சொல்லிக்கொள்ள முடியாது, வீட்டு அடுப்பில் கொதிக்கிற சூட்டுக்கு அந்த வித்துகள் சாவதில்லை. இதற்காக அத்தையிடம் சண்டை வேண்டாம். பிறந்த குழந்தைக்குத் தேன் தொட்டுச் சேனை வைத்து வளர்த்த தலைமுறை, பாசத்தில்தான் சொல்கிறார்கள். அடுத்த முறை குழந்தை டாக்டரிடம் போகும்போது அவர்களையும் கூட்டிக்கொண்டு போங்கள், டாக்டர் வாயால் கேட்டால் நம்புவார்கள்.

பாப்பாவுக்கு இப்போது மிட்டாயும் வேண்டாம், ஜெல்லியும் வேண்டாம், இரண்டுமே தொண்டையில் அடைக்கும். நன்றாகப் பழுத்த வாழைப்பழத்தையோ பப்பாளியையோ கரண்டியால் மசித்து ஊட்டுங்கள், ஆப்பிள் என்றால் வேகவைத்து மசியுங்கள், போதும். ஒரு வயதுக்குள் பழச்சாறுகூடத் தேவையில்லை. அண்ணன் சாப்பிடும் திராட்சையை முழுதாகத் தங்கை கையில் யாரும் கொடுத்துவிடாமல் மட்டும் கவனமாக இருங்கள். ஐந்து வயதுவரை திராட்சையை நீளவாக்கில் நாலாக நறுக்கித்தான் தரவேண்டும்.

சரி, இப்போது உங்கள் 600 கிராம் சர்க்கரைக்கு வருவோம். உங்கள் மனம் உறுத்துவது நியாயம்தான். மாம்பழத்தில் நூற்றுக்கு எண்பது பங்குக்குமேல் தண்ணீர். ஒரு கிலோ விழுதைக் காயவைத்தால் கைக்குக் கிடைப்பது சுமார் 200 கிராம். அந்த விழுதில் பழத்தின் சொந்த இனிப்பே கிட்டத்தட்ட 140 கிராம் இருக்கும், காய்ந்தபிறகும் அது எங்கேயும் போகாது. அதற்குமேல் 600 கிராம் கொட்டினால், கடைசியில் தட்டில் இருப்பதில் முக்கால் பங்கு கடைச் சர்க்கரை. மகன் ஆசையாகத் தின்றது மாம்பழ வாசனையுள்ள சர்க்கரையைத்தான், கடையில் வாங்கியதற்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. பழத்தில் இயல்பாக இருப்பதைக் கணக்கில் சேர்க்காமல், நாம் தனியாகச் சேர்க்கும் இனிப்பு நாளின் மொத்தச் சக்தியில் பத்து சதவீதத்துக்குள் இருக்கவேண்டும், ஐந்துக்குள் இருந்தால் இன்னும் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2015இல் சொன்னது. ஏழு வயதுப் பையனுக்கு அந்த ஐந்து சதவீதம் என்பது நாலைந்து டீஸ்பூன்தான். காலையில் பாலில் ஒன்று, சாயங்காலம் பிஸ்கட் இரண்டு என்று போனாலே அது பாதி தீர்ந்துவிடும். நாட்டுச் சர்க்கரை, கருப்பட்டி, தேன் என்று மாற்றினால் ருசி மாறும், மணம் மாறும், பல்லுக்கும் உடம்புக்கும் கணக்கு அதேதான்.

ஆகவே சர்க்கரையே வேண்டாம். பழுத்த பழத்துக்கு அது தேவையும் இல்லை. யாழ்ப்பாணத்தில் பனாட்டு என்று ஒன்று உண்டு, பனம்பழத்தைப் பிசைந்து எடுத்த களியைப் பாயில் பரப்பி வெயிலில் காயவைத்து, காய்ந்த அடுக்கின்மேல் அடுத்த அடுக்கு ஊற்றி, கடைசியில் உரித்து எடுத்து வெட்டி வைத்துக்கொள்வார்கள். வெறும் பழக்களியும் வெயிலும்தான். ஆந்திராவில் ஆத்ரேயபுரம் பக்கத்து மாமிடி தாண்ட்ராவும் இதே மாதிரி அடுக்கடுக்காகக் காய்வதுதான், ஆனால் அதில் சர்க்கரையோ வெல்லமோ சேர்வதுண்டு. நீங்கள் பனாட்டு வழியில் போங்கள்.

மாம்பழத்தில் செய்யும்போது நார் இல்லாத ஜாதியாகப் பாருங்கள், பங்கனப்பள்ளியோ இமாம்பசந்தோ கிடைத்தால் நல்லது. நார் இருந்தால் மிக்ஸியில் அடித்தபிறகு ஒரு முறை சல்லடையில் தேய்த்து வடிகட்டுங்கள், இல்லாவிட்டால் பல்லிடுக்கில் மாட்டி, பையன் அடுத்த முறை தொடமாட்டான். பழம் கறுக்கத் தொடங்கும் அளவுக்குக் கனிந்திருக்க வேண்டும், முக்கால் பழுத்ததில் செய்துவிட்டுப் புளிக்கிறதே என்று மறுபடி சர்க்கரை டப்பாவைத் தேடாதீர்கள். விழுதில் அரை எலுமிச்சம்பழம் பிழிந்து, அடிகனமான வாணலியில் மிதமான தீயில் கிளறுங்கள். விழுது கொதித்துத் தெறிக்கும், நீளமான கரண்டி வைத்துக்கொள்ளுங்கள். கரண்டியால் நடுவில் ஒரு கோடு இழுத்தால் அது உடனே மூடிக்கொள்ளாமல் மெல்ல மூடவேண்டும், அதுதான் பதம். நெய் தடவிய எவர்சில்வர் தாம்பாளத்தில் ஊற்றி, இரண்டு மூன்று மில்லிமீட்டர் கனத்துக்கு, அதாவது தோசை கனத்துக்கு, பரப்புங்கள். ஓரம் சீக்கிரம் காய்ந்து நொறுங்கும், நடுப்பகுதி ஈரமாகவே நிற்கும், அதனால் நடுவில் கொஞ்சம் மெல்லிசாகவும் ஓரத்தில் கொஞ்சம் தடிப்பாகவும் இருக்கட்டும். வடகத்துக்கு மூடுகிற மாதிரி மெல்லிய வேட்டித் துணியால் மூடி மொட்டை மாடியில் வையுங்கள், பொழுது சாய்ந்ததும் பனி இறங்கும் முன் உள்ளே எடுத்துவிடுங்கள். உங்கள் ஊர்ச் சித்திரை வெயிலுக்கு இரண்டு மூன்று நாளில் காய்ந்துவிடும். விரலால் அழுத்தினால் பள்ளம் விழக்கூடாது, விரலில் ஒட்டவும் கூடாது. அப்போது ஓரத்தில் கத்தியை விட்டு மெல்லத் தூக்கினால் முழுதாக உரிந்து வரும். அந்த உரிக்கிற வேலையை மகனிடம் கொடுங்கள்.

சர்க்கரை சேர்க்காததால் இது மாதக்கணக்கில் அலமாரியில் தாங்காது. வெண்ணெய்க் காகிதத்தில் சுருட்டி, காற்றுப் புகாத டப்பாவில் போட்டு ஃபிரிட்ஜில் வைத்தால் ஒரு மாதம் வரும். எங்காவது பூஞ்சை தெரிந்தால் அந்த இடத்தை மட்டும் வெட்டிப் போட்டுவிட்டு மிச்சத்தைக் கொடுக்க வேண்டாம், மொத்தமாகக் கொட்டிவிடுங்கள்.

ஒன்று முக்கியம். சர்க்கரை சேர்க்கவில்லை என்பதற்காக இதை இஷ்டத்துக்குத் தின்னவிட முடியாது. தண்ணீர் போய்விட்டதால் இரண்டு மூன்று பழத்தின் இனிப்பு ஒரு சின்னத் தாளுக்குள் அடங்கிவிட்டது, போதாக்குறைக்குப் பல்லிலும் ஒட்டும். இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு துண்டு, அதுவும் சாப்பாட்டோடு சேர்த்து, முடித்ததும் வாய் கொப்பளிக்க வேண்டும். படுக்கப்போகும் நேரத்தில் கண்டிப்பாக வேண்டாம். பேரீச்சம்பழத்துக்கும் உலர்ந்த திராட்சைக்கும் இதே சட்டம்தான்.

மாம்பழம் இல்லாத மாதங்களில் கற்பூரவள்ளி வாழைப்பழத்தைத் தோலுரித்து நீளவாக்கில் நறுக்கி இதே மாதிரி காயவைக்கலாம். திருச்சிக்குப் பக்கத்தில் தொட்டியத்தில் வாழை விவசாயிகள் சூரிய உலர்த்தி வைத்து இப்படிப் பழத்தைக் காயவைத்து விற்கிறார்கள். ஒரு சீப்பு வாழைப்பழம் மிஞ்சிக் கறுத்துப்போகிறதே என்று தவிக்கிற வீடுகளுக்கு இது ரொம்ப உபயோகம்.

ஜெல்லி கேட்டிருந்தீர்கள். அதற்குக் கடல்பாசி இருக்கும்போது கவலை என்ன! சைனா கிராஸ் என்று மளிகைக் கடையில் 10 கிராம் பாக்கெட்டாகக் கிடைக்கும், நோன்புக் காலத்தில் முஸ்லிம் வீடுகளில் பாலிலும் இளநீரிலும் செய்வார்களே, அதேதான். கடையில் விற்கும் பல ஜெல்லிகளில் இருக்கும் ஜெலட்டின் மாட்டின், பன்றியின் தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் எடுப்பது, வெயில் பட்டால் உருகியும் போகும். கடல்பாசி அப்படி இல்லை, ஃபிரிட்ஜ் இல்லாமலே இறுகும், இறுகியபிறகு நன்றாகக் கொதிக்க வைத்தாலொழிய உருகாது, அதனால் டிபன் பாக்ஸில் மத்தியானம்வரை அப்படியே நிற்கும். பச்சை அன்னாசி சேர்த்தால் ஜெலட்டின் இறுகவே இறுகாது, கடல்பாசிக்கு அந்தத் தொல்லையும் கிடையாது.

கலர் வேண்டும் என்பானே உங்கள் மகன், அதற்குக் கம்பம் பன்னீர் திராட்சை. கம்பம் பள்ளத்தாக்கில் வருஷம் முழுக்க அறுவடை நடப்பதால் எப்போது வேண்டுமானாலும் கிடைக்கும், விலையும் அதிகமில்லை. கொஞ்ச நேரம் உப்புத் தண்ணீரில் போட்டு நன்றாகக் கழுவி, தோலோடு அரை டம்ளர் தண்ணீரில் வேகவிட்டு மசித்து வடிகட்டினால், எந்தச் சாயமும் கொடுக்க முடியாத கரு ஊதா நிறம் வரும். புளிப்பு தூக்கலாக இருந்தால் ஊறவைத்த பேரீச்சம்பழம் நாலைந்தை அரைத்துச் சேருங்கள். 10 கிராம் கடல்பாசியை வெட்டி 300 மில்லி தண்ணீரில் ஊறவைத்து, அதே தண்ணீரில் ஒரு இழைகூடத் தெரியாத அளவுக்குக் கரையும்வரை கொதிக்கவிடுங்கள், இதில் அவசரப்பட்டால் ஜெல்லியில் நார் நாராக நிற்கும். அடுப்பை அணைத்தபிறகு 400 மில்லி பழவிழுதை ஊற்றிக் கலக்குங்கள். புளிப்புப் பழத்தோடு சேர்த்துக் கொதிக்கவிட்டால் கடல்பாசியின் இறுகும் பலம் குறைந்துவிடும், ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த சில்லென்ற விழுதை ஊற்றினாலோ உடனே கட்டி கட்டியாகிவிடும், அதனால் விழுது சாதாரணச் சூட்டில் இருக்கட்டும். தட்டில் ஊற்றிவிட்டு அரை மணி நேரம் கழித்து வந்து பாருங்கள், வெட்டலாம். கடிப்பதற்கு ரப்பர் மாதிரி இழுக்காது, சட்டென்று உடையும், முதல் நாள் அவன் ஏதாவது குறை சொல்லலாம். இரண்டு நாளுக்குள் தீர்த்துவிடுங்கள். ஓடிக்கொண்டே தின்ன விடாதீர்கள், உட்கார்ந்துதான்.

இவ்வளவும் சொன்னபிறகு நான் நிஜமாகவே ஆசைப்படுவது ஒன்று உண்டு: இந்த மிட்டாயும் ஜெல்லியும் வாரத்தில் இரண்டு நாளோடு நிற்கட்டும், மற்ற நாட்களில் பழமே பழமாக அவன் வயிற்றுக்குள் போகட்டும். காய்ச்சியதிலும் காயவைத்ததிலும் வைட்டமின் சி பாதிக்குமேல் போய்விடலாம். ஒரு நாட்டுக் கொய்யாவில் ஆரஞ்சைவிடப் பல மடங்கு அந்தச் சத்து இருக்கிறது, எந்த வேலையும் வைக்காமல்.

பழம் பிடிக்கவில்லை என்கிற பிள்ளைகளில் நிறையப் பேருக்குப் பழம் கொடுக்கிற நேரமும் விதமும்தான் பிடிக்கவில்லை. சோறு சாப்பிட்டு வயிறு நிறைந்தபிறகு, சத்து, சாப்பிடு என்று முழு ஆப்பிளை நீட்டினால் நமக்கே அலுப்பாக இருக்கும். நாலு மணிக்குப் பள்ளி விட்டு வந்து ஷூவைக் கழற்றும்போது இருக்கும் பசி இருக்கிறதே, அதைப் பிடியுங்கள். அவன் கேட்கும் முன்னாலேயே நறுக்கிய கொய்யாவோ அன்னாசியோ உப்பும் மிளகாய்த்தூளும் லேசாகத் தூவித் தட்டில் இருக்கட்டும், பக்கத்தில் ஒரு பிடி வேர்க்கடலை. சாப்பிடு என்று ஒரு வார்த்தை சொல்லாதீர்கள், நீங்களும் உட்கார்ந்து எடுத்துத் தின்னுங்கள். வெயில் நாளில் வாழைப்பழத்தை வில்லை வில்லையாக நறுக்கி ராத்திரியே ஃபிரீசரில் போட்டு, மறுநாள் மிக்ஸியில் விட்டு விட்டு அடியுங்கள். முதலில் தூள் தூளாக வரும், ஓரத்தை வழித்துவிட்டு இன்னும் இரண்டு சுற்று விட்டால் திடீரென்று ஐஸ்கிரீம் பதத்துக்குத் திரண்டுவிடும். பால் வேண்டாம், சர்க்கரை வேண்டாம். அவனையே சுவிட்சைப் போடவிட்டால் தெருப் பிள்ளைகளையெல்லாம் கூட்டிக்கொண்டு வந்துவிடுவான்.

கடை ஜெல்லியை ஒரேயடியாக நிறுத்துகிறேன் என்று சபதம் எடுக்க வேண்டாம், நிறுத்தினால் திருட்டுத்தனமாகத் தின்பான். சனிக்கிழமை ஒரு நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு அவனையே பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படிக்கச் சொல்லுங்கள், இரண்டாம் வகுப்புக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க வரும். எது அதிகம் சேர்ந்திருக்கிறதோ அதைத்தான் முதலில் போடவேண்டும் என்பது சட்டம். சர்க்கரை, குளுக்கோஸ் சிரப் எல்லாம் வரிசையில் முன்னால் நிற்கும், முன்பக்கம் படமாகச் சிரிக்கும் பழம் எங்கே இருக்கிறது என்று அவன்தான் தேடட்டும். பெரியவர்களும் பாக்கெட் ஜூஸ் வாங்கும்போது இதைப் பார்க்கவேண்டும். நூறு சதவீதம் பழச்சாறு என்று போட்டுக்கொள்வதை நீக்கச் சொல்லி உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2024 ஜூனில் உத்தரவு போடும் அளவுக்கு அங்கே நிலைமை இருந்தது.

கடைசியாக அவன் அப்பா. அவரைக் குறை சொல்லாதீர்கள், நாள் முழுக்கப் பிள்ளையைப் பார்க்காதவர் அந்த ஐந்து நிமிஷத்தில் அவன் சிரிப்பதைப் பார்க்கத்தான் வாங்கிக் கொடுக்கிறார். அந்தச் சந்தோஷத்தைப் பிடுங்கவேண்டாம், வாங்குகிற பொருளை மட்டும் மாற்றச் சொல்லுங்கள். பள்ளிக்கூடம் விடும் நேரத்துக்கு எந்த ஊரிலும் ஒரு தள்ளுவண்டி நிற்கும், கொய்யா, நெல்லிக்காய், கிளிமூக்கு மாங்காய் என்று. அந்தப் பத்து இருபது ரூபாய் அங்கே போகட்டும், எது வேண்டும் என்று மகனே கை காட்டட்டும். நறுக்காமல் முழுசாக வாங்கி வரச் சொல்லுங்கள், வீட்டில் கழுவி நறுக்கிக்கொள்ளலாம்.