உகந்தையிலிருந்து கதிர்காமத்துக்குக் கூட்டமாக நடந்து செல்ல ஏன் அனுமதி வேண்டும்?

காட்டு அனுமதி என்பது, பாதுகாக்கப்பட்ட வனத்துள் எந்நாளில், எவ்வழியாகச் செல்லலாம் என வனஜீவராசிகள் திணைக்களம் வரையறுத்துத் தரும் இசைவாகும். அம்பாறை மாவட்டத்தின் உகந்தமலை முருகன் ஆலயத்திலிருந்து புறப்படும் பாதயாத்திரை குமண, யால தேசியப் பூங்காக்களை ஊடறுத்துச் செல்வதாலும், மற்றைய நாட்களில் அங்கே வாகனத்தை விட்டிறங்கி நடக்க இடமில்லை என்பதாலும், கதிர்காம ஆடிவேல் விழாவை ஒட்டிய சில நாட்களுக்கு மட்டுமே காட்டுப்பாதை திறக்கப்படுகிறது.

அது வறட்சிக் காலம். யானையும் கரடியும் சிறுத்தையும் நாடிவரும் அதே நீர்நிலைகளின் அருகில்தான் அடியார்களும் தங்கிச் சமைக்கிறார்கள் என்பதால், இரு சாராரையும் காக்க இந்தக் கட்டுப்பாடு மிக அவசியம் என்றே நான் கருதுகிறேன். குளத்து மதகைப் போகத்துக்கேற்ப அளந்து திறப்பதைப் போன்றது இது.

பாதை திறந்துவிட்டால் காடெங்கும் விரும்பியபடி நடக்கலாம் எனப் பலர் எண்ணுகின்றனர். ஆனால் அந்த இசைவு அறிவிக்கப்பட்ட நாட்களுக்கும் குறித்த தடத்துக்கும் மட்டுமே உரியது.