இரவுப் பட்டினியும் கவுனி அரிசியும்: காரைக்குடி அக்காவுக்கு

அக்கா, 54 வயதில் இரவுப் பட்டினி, காலையில் கவுனி என்கிற கறுப்பு அரிசி. இடுப்பு குறையவில்லை, முகம்தான் வாடிவிட்டது என்கிறீர்கள். கவுனி நல்லதுதான். ஆனால் நம் பக்கத்தில் அதில் சர்க்கரை, நெய், தேங்காய்ப்பூ எல்லாம் சேர்ந்துவிடுகிறதே! கறுப்போ வெள்ளையோ, 100 கிராம் அரிசி என்றால் சுமார் 350 கலோரி.

வயது ஏற ஏறத் தசை கரையும், பட்டினி அதை இன்னும் வேகமாக்கும். முகவாட்டத்துக்கும் அதில் பங்கு உண்டு. இரவில் இரண்டு முட்டையோ ஒரு கிண்ணம் பாசிப்பயறுச் சுண்டலோ சாப்பிடுங்கள். கூடவே, அரிசி களைந்த தண்ணீரில் புளி கரைத்துச் செய்யும் வெண்டைக்காய் மண்டி. தாளிக்கிற எண்ணெயை மட்டும் அளந்து ஊற்றுங்கள், ஒரு மேசைக்கரண்டியே 120 கலோரி.

அப்புறம், சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறீர்களா? அப்படியென்றால் டாக்டரைக் கேட்காமல் பட்டினி வேண்டாம்.