மேரி ஆனிங்கின் உளி – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

எட்டாம் வகுப்பில் படிக்கும் என் மகள், பள்ளியில் மேரி ஆனிங்கைப் பற்றிப் பேசவிருக்கிறாள். கடற்கரையில் புதைபடிவங்களைப் பொறுக்கி விற்ற ஏழைப் பெண்ணை விஞ்ஞானி என்பது மிகை அல்லவா? ஆராய்ந்து எழுதியவர்கள் வேறு பேர்தானே? கைக்குழந்தையாக இருந்தபோது மின்னல் தாக்கியதால்தான் அவர் அறிவாளியானார் என்கிறார்களே, உண்மையா? பேச்சில் எதைச் சேர்க்கலாம்?

கா.

அன்புள்ள கா.,

மகளின் பேச்சுக்காக நீங்கள் இவ்வளவு அக்கறை எடுத்துக்கொள்வது மனதுக்கு நிறைவளிக்கிறது. சில வாரங்களாக நானும் ஆனிங்கைப் பற்றியே படித்துக்கொண்டிருப்பதால் உடனே எழுதுகிறேன். மின்னல் கதையை விட்டுவிடுங்கள். 1800இல் அவர் மின்னலில் பிழைத்தது உண்மை. அதற்கும் அவருடைய அறிவுக்கும் தொடர்பில்லை.

ஆனால் ஆனிங் பொறுக்கினார், பிறர் ஆராய்ந்தார்கள் என்று நீங்கள் பிரித்திருப்பதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. அவர் வாழ்ந்த காலத்திலேயே அவருக்கு இழைக்கப்பட்ட அநீதி இதுதான். யோசிக்காமல் நீங்களும் அதைத் தொடர்கிறீர்கள்.

இங்கிலாந்தின் டார்செட் கடற்கரையில் உள்ள லைம் ரீஜிஸில், 1811இல் அண்ணன் ஜோசப் ஒரு மண்டையோட்டைக் கண்டார். மறு ஆண்டு, மீனைப் போன்ற உருவம் கொண்ட பழங்காலக் கடல் ஊர்வனவான அந்த இக்தியோசாரஸின் எஞ்சிய உடலை மேரி கண்டுபிடித்தார். அதை 1814இல் விவரித்து எழுதிய அறுவை மருத்துவர் எவரர்ட் ஹோம், கண்டெடுத்தவரின் பெயரைச் சொல்லவில்லை. எலும்புகளைத் துப்புரவாகப் பிரித்தெடுத்த பெருமையையும் லண்டனில் புல்லக் நடத்திய அருங்காட்சியகத்தின் ஊழியர்களுக்குக் கொடுத்துவிட்டார்.

பிரித்தெடுப்பதைத் தூசி தட்டும் வேலை என்று நினைத்துவிடாதீர்கள். எலும்பு எங்கே முடிகிறது, கல் எங்கே தொடங்குகிறது என்பதை ஒவ்வோர் அடியிலும் தீர்மானிக்க வேண்டும். இதுவரை எவரும் பார்த்திராத விலங்கின் துடுப்பில் அடுத்த எலும்பு எந்தப் பக்கம் இருக்கும் என்பதை, உளியை வைப்பதற்கு முன்பே அனுமானித்திருக்க வேண்டும். அந்த அனுமானம் அறிவியல் இல்லையென்றால், அதன் பிறகு அளந்து எழுதுவதை மட்டும் எப்படி அறிவியல் என்பீர்கள்? இதற்காகவே ஆனிங் மீன்களையும் கணவாய்களையும் அறுத்துப் பார்த்தார். ஆய்வுக் கட்டுரைகளை இரவல் வாங்கி, படங்கள் உட்பட, கைப்பட நகலெடுத்தார். எனக்கு நிலவியல் கற்பித்த பேராசிரியர், அரியலூர்ச் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களிலிருந்து வந்த அம்மோனைட்டுகளின் (சுருள் ஓடு கொண்ட பழங்காலக் கடல் உயிரிகளின் புதைபடிவங்கள்) பெட்டியில், பாறையிலிருந்து அவற்றை உடையாமல் எடுத்த தொழிலாளியின் பெயரையும் எழுதிவைப்பார். ஹோமின் கட்டுரையைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் அவரை நினைத்துக்கொள்கிறேன்.

1823இல் ஆனிங், நீண்ட கழுத்துள்ள கடல் ஊர்வனவான பிளீசியோசாரஸின் முழுமையான எலும்புக்கூட்டைக் கண்டெடுத்தபோது, அவ்வளவு நீண்ட கழுத்து இருக்க முடியாது என்று பாரிஸில் இருந்த உடற்கூறியல் அறிஞர் கூவியே ஐயப்பட்டார். 1824இல் லண்டன் நிலவியல் கழகத்தில் நிலவியலாளர் கோனிபியர் அதைப் பற்றி உரையாற்றினார். ஆனிங்கின் பெயர் அதில் இல்லை. கூவியே பிறகு தம் ஐயத்தைக் கைவிட்டார். பெண்களை உறுப்பினர்களாகச் சேர்த்துக்கொள்ள அந்தக் கழகத்துக்கு 1919 வரை ஆயிற்று. ஆனிங்கோ 1847இல், 47 வயதில், மார்பகப் புற்றுநோயால் இறந்துவிட்டார்.

இக்தியோசாரஸின் வயிற்றுப் பகுதியில் காணப்பட்ட கற்களை உடைத்தால் உள்ளே மீன் எலும்பும் செதிளும் இருப்பதைக் கவனித்தவரும் அவர்தான். அவை கல்லாகிப்போன சாணம் என்று 1829இல் விளக்கிய நிலவியலாளர் பக்லண்ட், ஆனிங்கின் பங்கைக் குறிப்பிட்டார். இதையும் மகள் சொல்லட்டும். எல்லா அறிஞர்களையும் ஒரே கூண்டில் ஏற்றுவது நேர்மையாகாது.

பேச்சில் கட்டாயம் சேர்க்க வேண்டியது 1839இல் அவர் ஓர் இயற்கை வரலாற்று இதழுக்கு எழுதிய கடிதம். ஹைபோடஸ் என்ற பழங்காலச் சுறாவைப் புதிய பேரினம் என்று அந்த இதழ் வெளியிட்டிருந்ததை அவர் மறுத்தார். நேரான பற்களும் வளைந்த பற்களும் கொண்ட அதன் புதைபடிவங்களைத் தாம் பல ஆண்டுகளுக்கு முன்பே கண்டதாக எழுதினார். அவர் வாழ்ந்த காலத்தில் அறிவியல் இதழில் அச்சான அவருடைய எழுத்து அது ஒன்றே. முதலில் பிளீசியோசாரஸின் படத்தை வகுப்பில் காட்டிவிட்டு, பிறகு இந்தக் கடிதத்தைப் பற்றிப் பேசச் சொல்லுங்கள். அந்தக் கழுத்தைப் பார்த்ததுமே பிள்ளைகள் கேள்வி கேட்கத் தொடங்கிவிடுவார்கள்.